மின்சார காரை டோ பண்ணும்போது சக்கரம் உருளக் கூடாது: உளுந்தூர்பேட்டை ரோட்டில் கற்றது

முதலில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், முழுதும் படிக்க நேரமில்லாதவர்கள் இதையாவது மனதில் வைத்துக்கொள்ளட்டும். மின்சார கார் வழியில் நின்றுவிட்டால் அதை ஃப்ளாட்பெட் வண்டியில் (பின்னால் தட்டையான மேடை உள்ள லாரி), நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். கயிறு கட்டி இழுக்கக் கூடாது. முன்பக்கத்தையோ பின்பக்கத்தையோ மட்டும் தூக்கி மாட்டிக்கொண்டு மற்ற இரண்டு சக்கரத்தை உருட்டிக்கொண்டும் போகக் கூடாது. கிரேனோடு வருகிற அண்ணன் எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும், "பத்து கிலோமீட்டர்தானே சார், மெதுவா போயிடலாம்" என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

காரணம் தெரிந்தால்தான் அந்த நேரத்தில் உறுதியாக நிற்க முடியும், அதனால் அதையும் சொல்கிறேன். பெட்ரோல், டீசல் காரை நியூட்ரலில் போட்டால் எஞ்சின் வேறு, சக்கரம் வேறு. மின்சார காரில் பெரும்பாலும் அப்படிப் பிரிவதே இல்லை, கிளட்ச் கிடையாது, மோட்டாரும் சக்கரமும் ஒரு ரிடக்ஷன் கியர் வழியாக எப்போதும் சேர்ந்தே இருக்கும். நியூட்ரலில் போட்டால் மோட்டாருக்குக் கரண்ட் போகாது, அவ்வளவுதான். சக்கரம் சுற்றினால் மோட்டாரும் கூடவே சுற்றும். இப்போது ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றின் மோட்டாருக்குள் நிரந்தரக் காந்தம் இருக்கிறது, அதைச் சும்மா சுற்றினாலே சைக்கிள் டைனமோ மாதிரி மின்சாரம் உண்டாகும். கார் உயிரோடு இருக்கும்போது அந்த மின்சாரத்தை இன்வெர்ட்டர் (பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் கரண்டை மாற்றிக்கொடுக்கும் பாகம்) வாங்கி பேட்டரிக்கு அனுப்பும், நாம் ரீஜென் என்று சொல்வது இதைத்தான். கார் அணைந்து கிடக்கும்போதோ பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர்கள் என்ற பெரிய சுவிட்சுகள் திறந்து, அதாவது இணைப்பு துண்டித்து, கிடக்கும், கூலன்ட் பம்ப் ஓடாது, உண்டாகிற மின்சாரத்துக்குப் போக்கிடம் இருக்காது. வேகம் கூடக் கூட வோல்டேஜும் கூடும். சூடாகி இன்வெர்ட்டரோ மோட்டாரோ போனால் அது சின்னச் செலவில் முடிகிற வேலை இல்லை, வாரன்டியிலும் "டோ பண்ணிய விதம் தவறு" என்று கைவிரிக்க இடம் கொடுத்துவிடும்.

சரி, நடந்ததுக்கு வருகிறேன். ஒரு மே மாத மதியம், சென்னையிலிருந்து திருச்சிக்குக் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தோம், அத்தையும் கூட இருந்தார். விக்கிரவாண்டி டோல்கேட், விழுப்புரம் எல்லாம் தாண்டி உளுந்தூர்பேட்டையை நெருங்கும் சமயம். திரையில் 12 வோல்ட் சிஸ்டத்தைச் சரிபார்க்கச் சொல்லி மஞ்சளாக ஒரு எச்சரிக்கை வந்தது. அதைப் படிக்கிறதுக்குள் ஏசி நின்றது, ஸ்டீயரிங் கனத்தது, அடுத்தடுத்து பிரேக், ஏர்பேக், பவர் என்று வரிசையாக எல்லா விளக்கும் எரிய ஆரம்பித்தன. இத்தனை எச்சரிக்கை ஒரே நேரத்தில் வந்தால் இத்தனை பாகமும் ஒன்றாகக் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று, அதாவது 12 வோல்ட் சப்ளை, விழுந்துகொண்டிருக்கிறது என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். உருட்டத்தில் இருக்கும்போதே இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து மண்ணில் இறக்கி நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் திரையும் அணைந்தது. அப்போது மெயின் பேட்டரியில் அறுபது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருந்தது.

பெட்ரோல் கார்க்காரர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். தரைக்கு அடியில் அவ்வளவு பெரிய பேட்டரி நிறைய சார்ஜோடு இருக்கும்போது கார் ஏன் நிற்க வேண்டும்? மின்சார காரிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. கதவுப் பூட்டு, திரை, கம்ப்யூட்டர்கள், பிரேக் பூஸ்டர், பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர்கள், எல்லாமே அதிலிருந்துதான் இயங்குகின்றன. அந்தச் சின்ன பேட்டரியை ஓட்டத்தின்போது நிரப்புவது டிசி-டிசி கன்வெர்ட்டர் என்ற பாகம், பெட்ரோல் காரில் ஆல்டர்னேட்டர் செய்கிற வேலை. அது வேலை செய்யாமல் போனால் சின்ன பேட்டரி மெல்ல வடிந்து, கான்டாக்டர் திறந்துகொண்டு, பெரிய பேட்டரி அப்படியே துண்டிக்கப்படும். எங்கள் காரில் அதுதான் நடந்தது என்பது பிறகு சர்வீஸில் தெரிந்தது. இது எங்களுக்கு மட்டும் வந்த அபூர்வமும் இல்லை. 2024-ல் ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா இவி6 இரண்டையும் இந்தியாவில் திரும்ப அழைத்ததே 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் இதே வகைப் பாகத்துக்காகத்தான் (எங்களுடையது அந்த இரண்டும் இல்லை, வேறு கார்). ஜெர்மனியில் ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கம் வருடாவருடம் வழியில் நின்ற வண்டிகளின் கணக்கை வெளியிடுகிறது, அதிலும் மின்சார கார்கள் நிற்பதற்கு முதல் காரணமாக வருவது இந்தச் சின்ன பேட்டரிதான்.

நின்றதும் செய்ய வேண்டிய முதல் வேலை ஆட்களை இறக்குவது. ஏசி இல்லாத மே மாத காருக்குள் பெரியவர்கள் உட்காரவே முடியாது, அதைவிட முக்கியம், நான்கு வழிச்சாலையில் ஓரமாக நிற்கும் காரின் மேல் பின்னாலிருந்து வண்டி வந்து ஏறுவது அடிக்கடி நடக்கிற விபத்து. போக்குவரத்து ஓடும் பக்கத்துக் கதவைத் திறக்காமல் எல்லாரும் இடது பக்கமாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். நடுவில் அரளிச் செடி வைத்திருக்கிற இடைவெளியில் போய் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது மிக ஆபத்தான இடம். சிவப்பு முக்கோணத்தைக் காருக்குப் பக்கத்திலேயே வைக்காமல், குறைந்தது ஐம்பது மீட்டராவது பின்னால் நடந்துபோய் வைக்க வேண்டும், லாரி ஓட்டுநருக்கு அந்தத் தூரம் இருந்தால்தான் விலக நேரம் கிடைக்கும். 12 வோல்ட் போன காரில் ஹசார்ட் விளக்கும் எரியாது என்பதால் முக்கோணம்தான் ஒரே எச்சரிக்கை. அத்தையைப் பக்கத்தில் இருந்த டீக்கடை நிழலில் உட்காரவைத்து, கூட ஒருவரை இருக்கச் சொன்ன பிறகுதான் போனையே எடுத்தேன்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. இந்த எண்ணைப் போனில் சேமித்து வையுங்கள். எந்த நெடுஞ்சாலை, எந்தத் திசையில் போகிறீர்கள், பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் என்ன எண் இருக்கிறது, இந்த மூன்றும் சொன்னால் பக்கத்து டோல்கேட்டிலிருந்து ரோந்து வண்டி வரும். எங்களுக்கு வந்தவர்கள் ஆரஞ்சு கூம்புகளை வரிசையாக வைத்து வண்டிகளை விலக்கிவிட்டார்கள், அந்த உதவி பெரிய உதவி. ஆனால் ஒன்று புரிந்துகொள்ள வேண்டும், டோல்கேட் கிரேனின் வேலை ரோட்டை அடைத்து நிற்கும் வண்டியை அகற்றுவது. காரை சர்வீஸ் சென்டர் வரை கொண்டுபோய் விடுவது அவர்கள் பொறுப்பு இல்லை. அதற்கு இன்ஷூரன்ஸோடு வாங்கிய ரோட்சைடு அசிஸ்டன்ஸ் அல்லது கார் கம்பெனியின் உதவி எண்ணைத்தான் கூப்பிட வேண்டும்.

அங்கே பேசும்போது கவனம் தேவை. போனை எடுக்கிறவர் எங்கோ தூரத்து ஊரில் உட்கார்ந்திருப்பார், அவர் திரையில் "வாகனம் பழுது, டோயிங் தேவை" என்று மட்டும் பதிவாகும், அப்படிப் பதிவானால் பக்கத்தில் எந்த வண்டி காலியாக இருக்கிறதோ அதை அனுப்பிவிடுவார்கள். மின்சார கார், ஃப்ளாட்பெட் மட்டும், சக்கரங்கள் பூட்டிக்கொண்டு இருக்கின்றன, வண்டியின் எடை இவ்வளவு, இதையெல்லாம் சொல்லி, புகார் எண்ணோடு சேர்த்துப் பதியச் சொல்லுங்கள், பதிந்ததைத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். எடையை ஏன் சொல்ல வேண்டும் என்றால் பேட்டரி காரணமாக மின்சார கார்கள் தங்கள் அளவுக்கு மிஞ்சிய எடை கொண்டவை, பிஒய்டி ஆட்டோ 3 மாதிரி நடுத்தர எஸ்யூவியே 1,750 கிலோ வருகிறது. பழைய சின்ன ஃப்ளாட்பெட்டின் வின்ச் (கம்பியைச் சுற்றிக் காரை மேலே இழுக்கும் கருவி) திணறும்.

இவ்வளவு சொல்லியும் எங்களிடம் முதலில் வந்தது கொக்கி வைத்துத் தூக்கும் கிரேன்தான். ஓட்டி வந்தவர் நல்ல மனிதர், ரோட்டில் பல வருடம் இருந்தவர். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பின்னாடி தூக்கிடலாம் சார், முன் சக்கரம் உருண்டு வந்துடும்" என்றார். எங்கள் காரில் மோட்டார் முன்சக்கரத்தில். அவர் சொன்ன முறைதான் இந்தக் காருக்கு இருப்பதிலேயே மோசமான முறை. நான் மோட்டார் முன்னால் இருக்கிறது என்றதும், "அப்ப முன்னாடி தூக்கலாம்" என்றார். அது கொஞ்சம் பரவாயில்லைதான், முன்சக்கர கார்களுக்கு அவசரத்தில் சில கம்பெனிகள் அதை அனுமதிப்பதும் உண்டு. ஆனால் பின்சக்கரத்தில் எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் விழுந்து கிடந்தது, 12 வோல்ட் இல்லாமல் அதை விடுவிக்க வழியில்லை. முன்னால் தூக்கி இழுத்தால் பூட்டிய பின்சக்கரம் தார் ரோட்டில் தேய்ந்துகொண்டே வரும். நான்கு சக்கரத்தையும் இயக்கும் காராக இருந்தால் இந்தப் பேச்சே இல்லை, ஐயோனிக் 5, மஹிந்திராவின் பிஇ 6 மாதிரி பின்சக்கர கார் என்றால் கணக்கு தலைகீழ். உங்கள் காரில் மோட்டார் எந்தச் சக்கரத்தை இயக்குகிறது என்பதை இன்றைக்கே மேனுவலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் நின்றுகொண்டு தேடுகிற விஷயம் இல்லை அது.

"அண்ணே, உங்க வேலை எனக்குத் தெரியாது, ஆனா இந்த வண்டியோட மோட்டார் சக்கரத்தோட ஒட்டியே இருக்கும், சுத்தினா கரண்ட் வரும், உள்ள எரிஞ்சிடும்" என்று சொன்னதும் அவருக்கு உடனே புரிந்தது. சண்டை போட வேண்டிய அவசியமே வரவில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் கை பழகியவர்கள், காரணத்தைச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு இதை யாராவது முறையாகச் சொல்லித்தர வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். மின்சார கார்கள் ரோட்டுக்கு வந்த வேகத்தில் ரெக்கவரி வண்டிக்காரர்களுக்கான பயிற்சி வரவில்லை, அவர்கள் தவறு செய்தால் பழியும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. அவரே தனக்குத் தெரிந்த ஃப்ளாட்பெட் ஓட்டுநர் ஒருவருக்குப் போன் போட்டுப் பேசினார், நான் உதவி மையத்துக்கு மறுபடி கூப்பிட்டு அந்த வண்டியையே பதியவைத்தேன்.

ஃப்ளாட்பெட் வருவதற்குள் சக்கரத்தை விடுவிக்கிற வேலை இருந்தது. பின்னால் ஹேண்ட்பிரேக், முன்னால் பி-யில் (பார்க்கிங்) கியரைப் பிடித்து நிறுத்தும் பல், இரண்டுமே பூட்டு. ஃப்ளாட்பெட் என்றாலும் காரை உருட்டித்தானே மேலே ஏற்ற வேண்டும். இதற்கு வழி 12 வோல்ட் பேட்டரிக்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுப்பது. இந்த இடத்தில் ஒரு லாரி ஓட்டுநர் நிறுத்தி, கேபிள் இருக்கிறது, என் பேட்டரியிலிருந்து கொடுக்கிறேன் என்றார். மனம் நிறைந்த நன்றியோடு வேண்டாம் என்றேன், பெரிய லாரிகளில் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஓடும். அதை அப்படியே 12 வோல்ட் காரில் மாட்டினால் கம்ப்யூட்டர்கள் ஒரு நொடியில் போய்விடும். ரெக்கவரி வண்டியே பெரிய வண்டியாக இருந்தால் அதிலும் 24 வோல்ட்தான், கேட்காமல் மாட்ட விடாதீர்கள். எங்களிடம் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் இருந்தது, பூஸ்டர் என்றும் சொல்வார்கள். பானெட்டுக்குள் சின்ன பேட்டரி, பிளஸை முதலில் மாட்டி, மைனஸைப் பேட்டரியிலிருந்து தள்ளி மேனுவலில் காட்டியிருக்கும் உலோகப் புள்ளியில் மாட்டினோம். பெட்ரோல் காரை ஸ்டார்ட் செய்ய ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பெரிய கரண்ட் வேண்டும், மின்சார காருக்கு அது தேவையே இல்லை, கம்ப்யூட்டர்கள் எழுந்து கான்டாக்டர் மூடினால் போதும், அதனால் சின்ன பூஸ்டரே தாராளம். திரை எழுந்தது. எச்சரிக்கைகளை எல்லாம் போட்டோ எடுத்தேன், பிரேக்கை அழுத்தி நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவித்தேன். பூஸ்டரைக் கழற்றவில்லை. டிசி-டிசி செத்திருந்தால் பூஸ்டரை எடுத்த உடனே மறுபடி வடிந்து, சில கார்கள் தானாகவே பி-க்குப் போய்விடும், பாதி ஏறியிருக்கும்போது அப்படி ஆனால் பெரிய தொல்லை. கார் மேலே ஏறி நிற்கும் வரை மாட்டியே வைத்திருங்கள்.

இது எதுவுமே வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது என்று ஃப்ளாட்பெட் ஓட்டுநரிடம் கேட்டேன். பூட்டிய சக்கரத்துக்கு அடியில் உருளை வைத்த சின்ன ட்ராலிகளைக் கொடுத்து அப்படியே நகர்த்தலாம், எல்லாரிடமும் இருக்காது என்றார். போனில் பதியும்போதே "சக்கரம் பூட்டியிருக்கிறது" என்று சொல்லச் சொன்னது இதற்காகத்தான்.

ஏற்றும்போது காரின் பக்கத்திலேயே நில்லுங்கள், ஆனால் வின்ச் கம்பியின் நேர்கோட்டில் நிற்காதீர்கள், அறுந்தால் ஆளைக் கொல்லும். டூல் கிட்டில் ஒரு கொக்கி வளையம் இருக்கும், முன் பம்பரில் சின்ன மூடியைக் கழற்றினால் அதைத் திருகி மாட்டும் ஓட்டை தெரியும், வின்ச் கொக்கி அதில்தான் மாட்ட வேண்டும். கடைசி வரை முழுதாகத் திருகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஆட்கள் காருக்கு அடியில் படுத்து, கை போகிற இடத்தில் சங்கிலியைக் கோத்துவிடுவார்கள். மின்சார காரில் அடியில் தட்டையாகத் தெரிவது பேட்டரிப் பெட்டி, அதன் மேல் சங்கிலியோ கொக்கியோ படவே கூடாது, அதன் கீழ் ஜாக்கியும் வைக்கக் கூடாது. ஆரஞ்சு நிறத்தில் ஓடும் கேபிள்கள் ஹைவோல்டேஜ், பெரும்பாலான கார்களில் 300 முதல் 400 வோல்ட் வரை, சிலவற்றில் 800-ஐத் தொடும், அந்தப் பக்கம் யார் கையும் போக வேண்டாம். மேலே ஏற்றிய பிறகு பட்டையை டயரைச் சுற்றிப் போட்டு இறுக்குவதுதான் சரி, நான்கு டயருக்கும். கொக்கி வளையம் மேலே இழுக்க மட்டும், பயணம் முழுக்கக் காரைப் பிடித்து வைக்க அது போதாது. கட்டி முடித்ததும் பி-யில் போட்டு ஹேண்ட்பிரேக்கையும் போட்டுவிட்டுத்தான் பூஸ்டரைக் கழற்றினேன். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி ஒரு தடவை பட்டையைச் சரிபார்க்கச் சொன்னேன், ஒன்று தளர்ந்திருந்தது. ஏற்றுவதற்கு முன்பே நான்கு பக்கமும், பம்பர்களும், சக்கரங்களும், ஓடிய கிலோமீட்டரும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்தால் பிறகு கீறல் யாருடையது என்ற வாக்குவாதம் வராது.

எங்கே கொண்டுபோவது என்பதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். உதவி மையம் "பக்கத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்" என்று விழுப்புரத்தில் ஒன்றைச் சொன்னது, முப்பத்தைந்து நாற்பது கிலோமீட்டர்தான். நான் அங்கே நேரடியாகப் போன் செய்தேன். மூன்று கேள்வி கேட்டேன்: ஹைவோல்டேஜ் வேலை செய்யச் சான்று பெற்ற ஆள் உங்களிடமே இருக்கிறாரா, வெளியூரிலிருந்து வர வேண்டுமா? காரைக் கம்ப்யூட்டரில் மாட்டிக் கோளாறு கோடு (கார் பதிந்து வைக்கும் பழுதுக் குறியீடு) படிக்கும் கருவி மின்சார காருக்கானது இருக்கிறதா? இன்று இரவு கார் எங்கே நிற்கும்? வாஷிங், ஆயில் சர்வீஸ் வரை செய்வோம், மின்சார வேலைக்கு வேறு ஊர்க் கிளையிலிருந்து ஆள் வர வேண்டும் என்று நேர்மையாகச் சொன்னார்கள். அங்கே இறக்கியிருந்தால் கார் அங்கே கிடக்கும், பிறகு அங்கிருந்து இன்னொரு டோயிங். நாங்கள் போக வேண்டிய ஊரும் திருச்சி, அங்கே ஆள் இருக்கிறார் என்று உறுதியானது, நூற்றிருபது கிலோமீட்டர் போல வரும் என்றாலும் அங்கேயே போகச் சொன்னேன். அசிஸ்டன்ஸ் திட்டத்தில் இலவசத் தூரத்துக்கு ஒரு வரம்பு உண்டு, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நாம் கட்ட வேண்டும். அந்த மீதித் தொகையை, டோல் கட்டணம் உட்பட, வண்டி கிளம்புவதற்கு முன்பே ஓட்டுநரிடமும் உதவி மையத்திடமும் பேசி, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டின பிறகு சமயபுரம் டோல்கேட்டில் நின்று பேரம் பேச யாருக்கும் தெம்பு இருக்காது. ஃப்ளாட்பெட் மேல் இருக்கும் காருக்குள் யாரும் உட்காரக் கூடாது, ஓட்டுநர் கேபினில் ஒருவருக்கு இடம் இருக்கும், மற்றவர்களுக்கு உளுந்தூர்பேட்டையிலிருந்து பஸ் தாராளமாகக் கிடைக்கும்.

இறக்கிவிடும்போது ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள் என்பதைப் படித்துப் பாருங்கள். "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்று ஒரே வரியில் எழுத வந்தார்கள். நான் எழுதச் சொன்னது: ஓடும்போது 12 வோல்ட் எச்சரிக்கை முதலில் வந்தது, மெயின் பேட்டரியில் இவ்வளவு சதவீதம் இருந்தது, ஃப்ளாட்பெட்டில் கொண்டுவரப்பட்டது, சக்கரங்கள் ரோட்டில் உருளவில்லை. கடைசி வாக்கியம்தான் முக்கியம், பட்டை கட்டி ஏற்றிய போட்டோவையும் அவர்கள் எண்ணுக்கு அனுப்பினேன். இந்தியாவில் பல கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி கொடுக்கின்றன, மோட்டாருக்கும் அதே மாதிரி தருகிறவை உண்டு. அந்த வாரன்டியைக் காப்பாற்றுவது இந்தக் காகிதம்தான். கோளாறு கோடுகளை அழிப்பதற்கு முன்பு படித்து ஒரு பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள், சில இடங்களில் முதலில் அழித்துவிட்டு, மறுபடி வருகிறதா பார்ப்போம் என்று தொடங்குவார்கள்.

மறுநாள் வந்த டெக்னீஷியன் வேலை செய்ததைப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. ரப்பர் கையுறை, பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றித் தன் பையிலேயே வைத்துக்கொண்டார் (வேறு யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக), இன்வெர்ட்டருக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் வடியும் வரை காத்திருந்து, மீட்டரில் சைபர் வோல்ட் என்று பார்த்த பிறகுதான் பானெட்டுக்குள் கை வைத்தார். டிசி-டிசி போயிருந்தது, வாரன்டியில் மாற்றினார்கள், பாகம் வரத்தான் நாளானது. மோட்டாரும் இன்வெர்ட்டரும் சோதனையில் எந்தச் சேதமும் இல்லாமல் இருந்தன.

எல்லாக் கோளாறுக்கும் டோயிங் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் வெளிநாடு போய்விட்டுத் திரும்பியபோது கார் கதவே திறக்கவில்லை, டோ வண்டிக்குச் சொல்லிவிட்டார். பேஸ்மென்டுக்குள் ஃப்ளாட்பெட் நுழையவே முடியாது, உயரம் போதாது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, பூஸ்டர் மாட்டியதும் கார் எழுந்துவிட்டது. சும்மா நின்றதில் சின்ன பேட்டரி வடிந்திருந்தது, புதிதாக ஒன்று போட்டதோடு சரி. சில புது கார்களில் 12 வோல்ட் பேட்டரியே லித்தியம் வகை, அதற்கு ஜம்ப் கொடுக்கும் முறை வேறாக இருக்கலாம், மேனுவல் சொல்வதுதான் இறுதி. அப்புறம், மின்சார காரிலிருந்து கேபிள் எடுத்து இன்னொரு பெட்ரோல் காரை ஸ்டார்ட் பண்ணிக்கொடுக்கப் போகாதீர்கள், பெரும்பாலான மேனுவலில் வேண்டாம் என்றே இருக்கிறது.

சார்ஜ் தீர்ந்து நின்றால் சர்வீஸ் சென்டருக்குப் போகிற அவசியமே இல்லை, ஃப்ளாட்பெட்டைப் பக்கத்துச் சார்ஜருக்கு விடச் சொன்னால் போதும். கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஹோட்டலோ கடையோ இருந்து, 15 ஆம்பியர் பிளக்கும் நல்ல எர்த்தும் இருந்தால், காரோடு வந்த சார்ஜரை மாட்டி ஒரு மணி நேரம் பொறுத்தால் பதினைந்து கிலோமீட்டர் போல ஓடுகிற அளவு ஏறும். கயிறு கட்டி இழுத்தால் ரீஜெனில் சார்ஜ் ஏறும் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன, அதை நெடுஞ்சாலையில் செய்து பார்க்காதீர்கள், காரும் போகும், முன்னால் இழுக்கிறவரையும் ஆபத்தில் விடுவீர்கள்.

வெள்ளம் வேறு கதை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கார்களை இழந்தவர்களின் பயம் அது. ஐபி67 என்று பேட்டரியில் போட்டிருப்பது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கான சோதனை, இரவு முழுக்கச் சாக்கடைத் தண்ணீரில் நிற்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. மூழ்கிய மின்சார காரை ஆன் செய்து பார்க்காதீர்கள், ஜம்ப்பும் கொடுக்காதீர்கள். டோ வண்டிக்காரரிடம் மூழ்கிய கார் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். உள்ளே தண்ணீர் போன பேட்டரி சில நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம், அதனால் எங்கே இறக்கினாலும் கட்டடத்தையும் மற்ற வண்டிகளையும் விட்டுத் தள்ளித் திறந்த வெளியில்தான் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

இப்போது எங்கள் காரில் பூஸ்டர் எப்போதும் சார்ஜோடு இருக்கிறது, மாதம் ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன். அதைப் பின்பக்க டிக்கியில் போடாமல் கால்மாட்டில் வைத்திருக்கிறோம், 12 வோல்ட் போனால் மின்சார டிக்கிக் கதவு திறக்காது. கொக்கி வளையம், முக்கோணம், ஒரு டார்ச், தண்ணீர், பெரியவர்களுக்குக் குடை, இவையும் அங்கேயே. மேனுவலில் டோயிங் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்திருக்கிறேன், கிரேன்காரரிடம் படத்தைக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது அசிஸ்டன்ஸ் பத்தியில் நான்கு விஷயம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: ஃப்ளாட்பெட் என்று குறிப்பிட்டிருக்கிறதா, இலவசத் தூரம் எவ்வளவு, சார்ஜ் தீர்ந்து நின்றாலும் வருவார்களா, பக்கத்து சென்டர் வேண்டாம் என்று நாம் வேறு ஊரைச் சொன்னால் வித்தியாசத் தொகையை மட்டும் கட்டினால் போதுமா. எங்கள் பழைய திட்டத்தில் கடைசிக் கேள்விக்குப் பதிலே இல்லை, இந்த வருடம் அது தெளிவாக எழுதியிருந்த திட்டத்துக்கு மாறிவிட்டோம்.